லில்லிப் பூவுக்குத் தங்க முலாம்

— பூவுக்கு முலாமா? எந்த மடையன் பூவுக்குப் போய் முலாம் பூசுவான்?

— அதையேதான் முதலாளி அந்த மேனேஜரும் கேக்கறார்.

— யாரைக் கேக்கறார்?

— உங்களைத்தான். எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்தீங்களே, அதைப் படிச்சுட்டு அந்தப் பெரிய ஃபர்னிச்சர் கம்பெனி பதில் போட்டிருக்கு. நேத்து சாயந்திரம் வந்தது.

— அட, வந்துடுச்சா! காலையில கடை திறந்ததுலேர்ந்து ஒரே நாற்காலியைத் துடைச்சுக்கிட்டு ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கறே… வாயைத் திறந்தா முத்தா உதிரும்? என்ன ஆச்சு, வேலை உனக்குத்தானே?

— இந்தாங்க. நீங்களே படிங்க.

— குடு… ம்… ம்ம்… என்னமா எழுதறான் பாரு இங்கிலீஷை! காகிதமே கனமா இருக்கு.

— என்ன எழுதியிருக்கார்?

— அதான்… மரியாதையா. ஆரம்பமே மரியாதை. பெரிய இடம்னா பெரிய இடம்தான்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்… உனக்கு வந்த கடிதத்தை நான் வாசிச்சுச் சொல்லணுமா? நீ சொல்லு. உன் வாயால கேட்டாத்தான் எனக்கு மண்டையில ஏறும். இந்தா, பிடி.

— நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு மனப்பாடம். "உங்கள் முதலாளியின் கடிதம் கிடைத்தது. அவர் கில்டிங் த லில்லி செய்கிறார். இப்படிப்பட்ட கடிதங்கள் வரும்போது நாங்கள் சற்று நிதானிப்பது வழக்கம்."

— அந்த நடுவுல வந்தது என்னது?

— அதான் லில்லிப் பூவுக்கு முலாம் பூசறது. எனக்கும் புரியல. மாடி வீட்டு டீச்சரைக் கேட்டேன். லில்லி பிறக்கும்போதே அழகாம். அது மேல தங்கத்தைப் பூசினா அழகு கூடாது, பூதான் மூச்சு முட்டிச் சாகும். பளிச்சுன்னு இருக்கற முகத்துல அரை டப்பா பவுடரை அப்பறோமே, அந்த மாதிரி. தேவைக்கு மேல அலங்காரம் பண்றவங்களை, அளவுக்கு மேல புகழறவங்களை அப்படிச் சொல்லுவாங்களாம்.

— அப்ப நல்லதாப் போச்சே!

— என்ன நல்லதாப் போச்சு?

— ஏம்மா, யோசிச்சுப் பாரு. உன்னை லில்லிங்கறான்! பிறக்கும்போதே அழகுங்கறான்! என் வார்த்தையே தேவையில்லை, சரக்கு தானே பேசும்னு ஒத்துக்கிட்டான். இதைவிட ஒருத்தன் என்ன சொல்லணும்? கூரியர்ல பூ அனுப்பணுமா?

— முதலாளி… வாங்க வர்றவங்ககிட்டப் பேசற பேச்சை என்கிட்ட பேசாதீங்க.

— பேச்சு என்ன பேச்சு, உள்ளதைச் சொல்றேன்.

— டீச்சர் இன்னொண்ணும் சொன்னாங்க. இந்த மாதிரி இடத்துல அதை எழுதினா, பூவைப் பாராட்டறதா அர்த்தம் இல்லையாம். பூசினவரைச் சந்தேகப்படறதாம்.

— டீச்சருக்கு என்ன தெரியும்? அவங்க என்னிக்காவது ஒரு ஸ்டூலை வித்திருக்காங்களா?

— சரி, டீச்சரை விடுங்க. நீங்க சொல்லுங்க. பழைய கண்ணாடிச் சட்டம் ஒண்ணு வருது. முலாம் எங்க கனமா இருக்கும்? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் குடுத்தீங்க.

— பூச்சி அரிச்ச இடத்துல.

— அந்த மேனேஜரும் மரச்சாமான் விக்கறவர்தான் முதலாளி.

— …மழை விட்ட மாதிரி இல்ல. கதவை ஒருக்களிச்சு வை, சாரல் அடிக்குது.

— வெச்சாச்சு.

— வேலை கிடைக்காதுன்னே எழுதிட்டானா? நிதானிப்போம்னுதானே எழுதியிருக்கான்? நிதானிக்கட்டுமே. நாமகூட எத்தனை பேரை "யோசிச்சுட்டு வாங்க"ன்னு அனுப்பியிருக்கோம். பாதிப் பேர் திரும்பி வர்றதில்லையா?

— பதினோரு வருஷம். இந்தக் கடையை விட்டு ஒரே ஒரு இடத்துக்குத்தான் மனுப் போட்டேன். ஒரே ஒரு காகிதம்தான் உங்ககிட்டக் கேட்டேன்.

— குடுத்தேனா இல்லையா? ரெண்டு பக்கத்துக்குக் குடுத்தேன்! என் அப்பனுக்குக்கூட நான் அவ்வளவு… வாங்க சார், வாங்க! குடையை அந்த வாளியில வைங்க. தரை வழுக்கும், பார்த்து.

— மழைக்கு ஒதுங்கலாம்னு வந்தேங்க… அந்த ஜன்னலோரக் கண்ணாடி, முட்டை வடிவத்துல இருக்கே, அது என்ன விலைங்க?

— முதலாளி, அது டாக்டர் வீட்டம்மா சொல்லி வெச்சுட்டுப் போனது.

— தெரியும், நீ சும்மா இரு… சாருக்குக் கண்ணுன்னா கண்ணு! நுழைஞ்சதும் நேரா அதைப் பிடிச்சீங்க பாருங்க. சார், இந்தக் கடையில இருக்கற எல்லாத்தையும் ஒரு தட்டுல வைங்க, அதை ஒரு தட்டுல வைங்க. நூத்தியிருபது வருஷம் சார். ஒரு கீறல் கிடையாது. ஒரு பூச்சி கிடையாது. பளபளப்பு ஒரு நாள் மங்கினது கிடையாது. துடைக்கவே வேண்டாம், தூசியே ஒட்டாது.

— தூசியே ஒட்டாதா?

— ஒட்டாது சார்! ரசம் போகாது. எத்தனை தடவை கீழ விழுந்தாலும் உடையாது. ஒரு பெரிய மனுஷர் வீட்டுல இருந்தது, அவங்க அழுதுக்கிட்டே கொடுத்தாங்க. இதுல முகம் பார்த்தா பத்து வயசு குறையும்னு வாங்கினவங்க எல்லாரும் சொல்லியிருக்காங்க.

— வாங்கினவங்க எல்லாருமா? எத்தனை பேருங்க வாங்கித் திருப்பிக் குடுத்தாங்க?

— ஐயோ, அப்படி இல்ல சார்…

— இவ்வளவு நல்ல சாமான் எப்படிங்க இன்னும் விக்காம இருக்கு?

— அதான் சார் எனக்கும் ஆச்சரியம்!

— …சரிங்க. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.

— தாராளமா! சார், குடை… குடையை விட்டுட்டுப் போறீங்க… அவ்வளவு அவசரம் மனுஷனுக்கு. நனைஞ்சாலும் பரவாயில்லைன்னு ஓடறான் பாரு.

— சுத்தமா முடிச்சீங்க.

— பின்னே? "விக்கமாட்டேன், வேற ஆளுக்குன்னு எடுத்து வெச்சது"ன்னு சொன்னா என்ன ஆகும்? நாளைக்கே அண்ணன் தம்பியைக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பான், ரெண்டு பங்கு தர்றேம்பான். இல்லைன்னு சொன்ன சாமான் மேலதான் மனுஷனுக்கு வெறி. அதனால ஆசையை வெட்டக் கூடாது. ஊட்டணும். திகட்டத் திகட்ட ஊட்டணும். அவனே வாயைத் துடைச்சுக்கிட்டு எழுந்து போயிடுவான். ஒரு நிமிஷம் ஆச்சா?

— அதுகூட ஆகல. 

— கை தேர்ந்தாச்சு இல்ல!

— எனக்கு ரெண்டு பக்கம் தேவைப்பட்டுச்சு.

— …எதுக்கு?

— "ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை." "கோபம் என்பதே அறியாதவர்." "கடைக்கு வந்த ஒருவர்கூட இவரிடம் வாங்காமல் திரும்பியதில்லை." "இவர் தொட்டால் பழைய மரமும் புதிதாகும்." தூசியே ஒட்டாதுன்னு ஒண்ணுதான் எழுதல.

— நீ எதையோ எதோடயோ முடிச்சுப் போடறே.

— வாரத்துல ரெண்டு நாள் நான் லேட். அதுக்கு நீங்க போடற சத்தத்துல பக்கத்துக் கடைக்காரர் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கறார். போன மாசம் ஒரு ஆள் மேல இந்தத் துணியைச் சுருட்டி வீசினேன். நீங்கதான் நடுவுல விழுந்து மன்னிப்புக் கேட்டீங்க.

— அவன் பேசினது தப்பு. நானா இருந்தா ஸ்டூலை வீசியிருப்பேன்.

— அப்ப அதை எழுதியிருக்கலாமே!

— நற்சான்றுல யாராவது குறையை எழுதுவாங்களாம்மா? நாலு வார்த்தை தூக்கலாச் சொல்றதுதான் உலக வழக்கம்.

— நாலு வார்த்தையா? டைப் அடிக்கிற பொண்ணை நேத்து வழியில பார்த்தேன். நீங்க சொல்லச் சொல்ல அதுக்கே கை வலிச்சுதாம். "இவ்வளவு வேணுமா சார்"னு கேட்டுச்சாம். "இன்னும் ரெண்டு சேத்துக்கோ, யாரும் நம்பாத மாதிரி இருக்கணும்"னீங்களாம். விளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நினைச்சு அது சிரிச்சுதாம்.

— அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி.

— பூச்சி இருக்கற மரத்தை நான் பார்த்த மாத்திரத்துல சொல்லிடுவேன்னு ஒரு வரி எழுதினீங்க. அது ஒண்ணுதான் நிஜம். அதைக் கொண்டுபோய் அத்தனை பொய்க்கு நடுவுல புதைச்சீங்க.

— நான் ஒண்ணு கேக்கறேன். அந்தக் கடிதத்தை நீயும்தானே படிச்சே? அன்னிக்கே ஏன் கேக்கல?

— அன்னிக்கு… அன்னிக்கு டைப் அடிக்கிற கடைப் படியில உக்காந்து அழுதேன். பதினோரு வருஷத்துல "பரவாயில்லை"ங்கற ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்ததில்லை. மனுஷன் இவ்வளவையும் உள்ள பூட்டி வெச்சிருந்தாரான்னு… ஒரு நகல் எடுத்து, வீட்டுப் பெட்டியில புடவைக்கு அடியில வெச்சிருக்கேன். கேக்கவே கேவலமா இருக்கு இல்ல?

— சும்மா இரு.

— ஒரு வாடிக்கையாளரைத் துரத்தற பேச்சுன்னு எனக்குத் தெரியல பாருங்க. தினம் பக்கத்துல நின்னு பார்க்கறவ நான். எனக்கே தெரியல.

— போதும்மா.

— ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.

— …ஆமா.

— வேணும்னேதான்?

— வேணும்னேதான். நீ போகக் கூடாதுன்னுதான். போகாதேன்னு சொன்னா நீ நிச்சயம் போயிடுவே. உன்னை எனக்குத் தெரியாதா? அதான் அந்தப் பக்கம் முடிச்சேன். திட்டணும்னா திட்டு. துணி கையிலதானே இருக்கு, வீசு.

— ஏன் போகக் கூடாது? வேற ஆளா கிடைக்காது உங்களுக்கு?

— கிடைக்கும். வாய் இருக்கற ஆள் ஆயிரம் கிடைக்கும்.

— அப்புறம்?

— அப்புறம் ஒண்ணுமில்லை. கடைக்காரன் புத்தி. நல்ல சரக்கை வெளியில விடக் கூடாதுன்னு ஒரு பேராசை. அவ்வளவுதான், விடு.

— முதலாளி, உங்க கையில இருக்கே, அது என்ன?

— என்னது… இதுவா? உன் மேனேஜர் கடிதம்தான். இந்தா, பத்திரமா வெச்சுக்கோ.

— அது போன மாசத்துக் கரண்ட் பில்லு. தலைகீழா வேற பிடிச்சிருக்கீங்க.

— …கதவைச் சாத்து. முழுசா.

— சாத்திட்டேன்.

— தெருவுல யாராவது நிக்கறாங்களா?

— யாருமில்லை. கொட்டற மழையில யார் நிப்பாங்க?

— எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?

— ரெண்டு மாசமா ஒரு சந்தேகம். முன்னெல்லாம் ஏலத்துக்கு நீங்க போவீங்க, நான் பின்னால வருவேன். இப்ப என்னை முன்னால தள்ளிவிட்டுட்டு "முதல்ல நீ சொல்லு, பரீட்சை வைக்கறேன்"ங்கறீங்க. இந்த வயசுல எனக்கென்ன பரீட்சை? மேஜையைக் கண்ணால பார்க்கறதில்லை, கையால தடவறீங்க. மூக்குக் கண்ணாடியை தினம் வீட்டுல மறக்கறீங்க. இருந்தாலும் நிச்சயமாத் தெரிஞ்சது இன்னிக்குத்தான். அதுக்குத்தான் அந்த பில்லைக் குடுத்தேன். தப்புதான்.

— தப்பில்லை. என்கிட்ட வேலை கத்துக்கிட்டவதானே.

— டாக்டரைப் பார்த்தீங்களா?

— மூணு டாக்டர். மூணு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க, பேசி வெச்சுக்கிட்ட மாதிரி. வலது கண்ணு முடிஞ்சு போச்சு. இடது பக்கம் கொஞ்ச நாள். நடுவுல ஒரு கறுப்பு வட்டம் உக்காந்திருக்கும்மா. உன்னைப் பார்த்தா காது தெரியுது, தோள் தெரியுது. முகம் இருக்கற இடத்துல ஒண்ணுமில்லை.

— ஐயோ…

— ஒரு விதத்துல நிம்மதி. நீ முறைக்கறது தெரியறதில்லை.

— வீட்டுல சொன்னீங்களா?

— வீட்டுல சொன்னா, அவ தங்கச்சிக்குச் சொல்லுவா. தங்கச்சி புருஷன் யாரு? தெருமுனையில தேக்கு வியாபாரம். ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும்… நாளைக்கே உளுத்த பலகையெல்லாம் பாலிஷ் போட்டுக்கிட்டு வண்டி வண்டியா என் வாசல்ல வந்து இறங்கும். பூச்சி ஓட்டை ஊசிமுனை அளவு. விரலுக்குத் தட்டுப்படாது. கண்ணுக்குத்தான் படணும். அந்தக் கண்ணு இந்தக் கடையில உன்கிட்டதான் இருக்கு.

— இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— சொன்னா நீ பரிதாபப்பட்டு இருந்துடுவே. ஒருத்தர் பரிதாபப்பட்டுக் குடுக்கற விலையை நான் இதுவரைக்கும் கையால தொட்டதில்லை.

— அதனால என்னைத் திருட்டுத்தனமா நிறுத்தி வெச்சீங்க. ஜன்னலோரக் கண்ணாடி மாதிரி.

— …ஆமா. அப்படித்தான் வெச்சுட்டேன்.

— அந்தக் கண்ணாடிக்காவது வாங்கிக்கப் போற ஆள் ஒருத்தர் இருக்காங்க.

— வேண்டாம்மா. அப்படிப் பேசாதே. நீ ஒரு காகிதம் எடு. பேனா எடு.

— எதுக்கு?

— எடு சொல்றேன். நான் சொல்லச் சொல்ல நீ எழுது. முலாம் இல்லாம. பச்சை மரமா. டைப் அடிக்கற பொண்ணு அதை இங்கிலீஷ்ல மாத்தட்டும்.

— முதலாளி…

— எழுது. "முன்பு நான் அனுப்பிய கடிதம் பொய். இந்தப் பெண்ணை விட மனமில்லாமல் அப்படி எழுதினேன்." எழுதிட்டியா?

— ம்.

— "இவர் வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வருவார். காரணம் கேட்டால் பஸ்ஸைத் திட்டுவார். கோபக்காரி. பிடிக்காத வாடிக்கையாளரிடம் முகத்தை மறைக்கத் தெரியாது. நாலு வருடம் முன்பு ஒரு நல்ல மேஜையின் காலை உடைத்தார்."

— அது நீங்க இழுத்ததுல உடைஞ்சது.

— "ஒரு நல்ல மேஜையின் காலை நானும் இவரும் சேர்ந்து உடைத்தோம்." சரியா? "ஆனால் பூச்சி அரித்த மரத்தை நல்ல மரம் என்று இவர் ஒருவருக்கும் விற்றதில்லை." …இரு, அதுக்கு அப்புறம் ஒண்ணு போடு. "நான் விற்கச் சொன்னபோதும் விற்றதில்லை." போட்டியா?

— …

— எழுதலையா? பேனா சத்தம் கேக்கல.

— எழுதறேன்.

— "இவரைப் போல ஒருவர் என் கடைக்கு இனி வரப்போவதில்லை. இது புகழ்ச்சி இல்லை, என் கவலை." கீழ கையெழுத்துக்கு இடம் விடு. எங்க போடணும்னு விரலைப் பிடிச்சு வை… இங்கயா?

— இன்னும் கொஞ்சம் கீழ. ஆங்… அங்க.

— ஆச்சு. மழை விட்டதும் எடுத்துக்கிட்டுப் போ. இன்னிக்கே அனுப்பிடு. நான் வேணும்னா அந்த மேனேஜர்கிட்ட போன்ல பேசறேன், கால்ல விழற மாதிரியே பேசறேன்.

— நல்ல கடிதம் முதலாளி.

— பிரயோஜனப்படணுமே.

— படாது.

— ஏன் படாது? ஒரு மனுஷன் தப்பை ஒத்துக்கிட்டு எழுதினா…

— கம்பெனிக் கடிதத்துல இன்னொரு வரி இருக்கு. அதை உங்களுக்குச் சொல்லல. வேற ஒரு பொண்ணை எடுத்துட்டாங்களாம். திங்கக்கிழமை சேருதாம்.

— …அடிப்பாவி. அதை முதல்லயே சொல்லி என் சட்டையைப் பிடிக்க வேண்டியதுதானே!

— சொல்லியிருந்தா நீங்க இதைச் சொல்லியிருக்க மாட்டீங்க. ஒரு தடவை கேட்டுடணும்னு இருந்துச்சு. கண்ணைத் துடைங்க. யாராவது வந்துடப் போறாங்க.

— வேற பெரிய கடை இல்லையா இந்த உலகத்துல? எனக்கு நாலு ஊர்ல ஆள் தெரியும். நீ எந்த ஊர்னு சொல்லு, நானே கூட வந்து சேத்துவிடறேன்.

— வேற ஊர் வேண்டாம் முதலாளி.

— அந்தக் கம்பெனி இருக்கற ஊர்ல மட்டும் என்ன கொட்டிக் கிடக்குது? சம்பளம் கூடன்னுதானே சொன்னே?

— அப்படித்தான் சொன்னேன்.

— சம்பளம்தானே! அதை இங்கயே பேசித் தீர்த்திருக்கலாமே. உன் பொண்ணு அங்க உங்க அக்கா வீட்டுல தங்கிப் படிக்கறான்னா, அது பாட்டுக்கு நல்லாத்தானே இருக்கு? சந்தோஷமா இருக்கா, ராணி மாதிரி இருக்கா, ஒரு குறையுமில்லைன்னு நீதானே போற வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவே? அங்க போய் நீ புதுசா என்ன பண்ணப் போறே?

— அவளை அங்க விட்டு மூணு வருஷம் ஆச்சு முதலாளி. அந்த வேலைக்கு மனுப் போட்டேனே, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை போன் பண்ணினேன். படம் வரைஞ்சது, பல் விழுந்தது, எல்லாம் ஆசையாத்தான் சொன்னா. சொல்லி முடிச்சுட்டு, "இருங்க சித்தி, அம்மாகிட்டத் தர்றேன்"னு போனை எங்க அக்கா கையில குடுத்துட்டா.